ஏழு நாள் ஏழை!

நெய்வேலியில் நாடகப் பித்தர்களுக்குப் பஞ்சமில்லை. பகலெல்லாம் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வெந்து, மாலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கூடும் கூட்டம் இந்நகரியத்தில் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய மன்றம் ஒன்றில் நானும் ஓர் உறுப்பினன். பணி ஓய்வு பெற்றவன். வசனம் மறந்துபோகும் வயது. ஆதலால் திரை இழுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். திரை இழுப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, தோழர்களே! மேடையும் தெரியும், மேடையின் பின்புறமும் தெரியும். அவ்வசதியால் கண்டதை எழுதுகிறேன். மன்றத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒரு மன்றத்தின் குற்றமாகிவிடும். மற்றவர்கள் நிம்மதியாக உறங்கிவிடுவார்கள்!

மன்றம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட நாடகத்தில் தலைவி ஓர் இருளர் குலப் பெண். செய்யாத திருட்டுக்காகக் கணவன் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறான், திரும்பவில்லை, அவள் நீதி கேட்டு நடக்கிறாள். எங்கிருந்து வந்த கதை என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் இந்நகரியத்தின் அதிகாரி ஒருவரின் மகள். பொறியியல் பட்டம் பெற்றவள், நல்ல குரல், நல்ல மனம். அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் இக்கட்டுரையில் வராது. இயக்குநர் அவளிடம் சொன்னார்: “வேடம் போடாதே, தங்கையே! அவளாகவே வாழ்ந்து பார்!”

வாழ்ந்து பார்த்தாள். ஏழு நாட்கள்! சாயம் போன சேலை, எண்ணெய் காணாத தலை, செருப்பில்லாத கால், இடுப்பில் ஒரு கூடை, கையில் எலி பிடிக்கும் கிட்டி. மந்தாரக்குப்பத்துக் கடைவீதியில் நடந்தாள். பேருந்து நிலையத்தில் நின்றாள். மருத்துவமனை வரிசையில் காத்திருந்தாள். கோயில் வாசலில் அமர்ந்தாள். எட்டாம் நாள் மன்றத்தில் கூட்டம் கூட்டிப் பட்டறிவைச் சொன்னாள்.

தேநீர்க் கடையில் மற்றவர்க்குக் கண்ணாடிக் குவளை, அவளுக்குக் காகிதக் குவளை. மளிகைக் கடைக்காரர், காசை மேசைமீது வைக்கச் சொன்னார், கையில் வாங்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. சாலையோரம் நின்ற காவலர் ஒருவர், கேள்வியே இல்லாமல், கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். இவை யாவற்றையும்விட அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னது ஒன்று. தன் சொந்த வட்டத்தில், தன் சொந்தத் தெருவில், தான் பிறந்த நாள்தொட்டுத் தன்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அத்தையிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாளாம். அந்த அம்மையார் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், “என்ன திருட வந்தாய்? வெளியே போ!” என்று கதவைச் சாத்தினாராம்.

மன்றமே சிரித்தது. “அத்தைக்கே அடையாளம் தெரியவில்லை! இதுவன்றோ நடிப்பு!” என்று கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் முதலில் சிரித்தாள். பிறகு குரல் தழுதழுத்தது. “இப்போதுதான் அவர்களைப் புரிந்துகொண்டேன்” என்றாள். மீண்டும் கைதட்டல். நான் ஒருவன் தட்டவில்லை. கிழவனுக்குப் பொறாமை என்றார்கள். பொறாமைப்பட்டேனா என்று வீட்டுக்கு வந்து என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அச்சம்!

எண்ணிப் பாருங்கள். அவள் யாரைப் புரிந்துகொண்டு வந்தாள்? அந்த ஏழு நாளில் ஓர் இருளர் பெண்ணோடு அவள் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. அவள் கண்டதெல்லாம் தேநீர்க் கடைக்காரரை, மளிகைக் கடைக்காரரை, காவலரை, பக்கத்து வீட்டு அத்தையை. எல்லோரும் நம்மவர்கள்! இருளரை அறியப் புறப்பட்டவள் அறிந்துவந்தது நம்மை. அதற்குக் கிழிந்த சேலை எதற்கு? அன்றாடம் நம்மோடு உண்டு, நம்மோடு உறங்கி, நம்மோடு வாழ்பவள் அன்றோ அவள்! அத்தை ஏன் அடையாளம் காணவில்லை? ஒப்பனை அவ்வளவு சிறப்பா? கூடையைக் கண்டதும் முகம் பார்ப்பதையே அந்த அம்மையார் நிறுத்திவிட்டார். வெற்றி பெற்றது நடிகையின் கலை என்றார்கள். நான் பார்த்தவரையில் வெற்றி பெற்றது சாதி.

இந்த முறை, அதாவது பாத்திரத்தை மேடையில் நடிப்பதற்கு முன் வெளியில் வாழ்ந்து பார்ப்பது, நேற்று முளைத்ததன்று. மாஸ்கோ கலை அரங்கம் 1902ஆம் ஆண்டு கார்க்கியின் நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டது. வீடற்றோரும் திருடரும் குடிகாரரும் ஒடுங்கிக் கிடக்கும் இரவு விடுதியைப் பற்றிய நாடகம் அது. நடிகர்களுக்கு அவ்வாழ்வு தெரியாது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் குழுவினரை அழைத்துக்கொண்டு மாஸ்கோவின் கித்ரோவ் சந்தைக்குப் போனார். நாடோடிகளின் விடுதியை நேரில் பார்த்தார். நல்ல செயல்தான். நடிகன் கண்ணைத் திறந்து உலகைப் பார்ப்பதை எவன் குறை சொல்வான்? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நாடகத்தை எழுதிய கார்க்கிக்குச் சந்தைக்குப் போய்ப் பார்த்துவர வேண்டிய தேவை இருந்ததில்லை. பெற்றோரை இழந்து, ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, ஊர் ஊராக நடந்தவர் அவர். சொல் அவருடையது, உடல் மட்டும் நடிகருடையது. நம் நாடகத்தில் சொல் யாருடையது? எழுதியவர் நம் நகரியத்துக்காரர். இயக்குபவர் நகரியத்துக்காரர். நடிப்பவள் நகரியத்துக்காரி. பார்த்து அழப்போகிறவர்களும் நகரியத்துக்காரர்களே! இருளர் எங்கே? கூடையில்!

மேல்நாட்டில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் லின் ஹெர்ஷ்மன் என்னும் கலைஞர், ராபர்ட்டா பிரைட்மோர் என்றொரு பெண்ணைக் கற்பனையில் படைத்தார். 1973 முதல் 1978 வரை, பொய்முடியும் ஒப்பனையும் புனைந்து, அந்த ராபர்ட்டாவாகவே தெருவில் நடமாடினார். உடன் தங்கத் தோழி வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள் ராபர்ட்டா. மனநல மருத்துவரிடம் போனாள். கவனியுங்கள், அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. வங்கிக் கணக்கும் கிடைத்தது! உலகில் இல்லாத பெண். ஒருத்தியின் மூளையில் பிறந்த பெண். அவளுக்கு அரசாங்கம் அட்டை கொடுத்தது, வங்கி ஏடு கொடுத்தது.

இங்கே நெய்வேலிக்கு அப்பால் ஏரிக்கரையிலே, செங்கல் சூளையிலே, கரும்புக் கொல்லையின் ஓரத்திலே, எலும்பும் தோலுமாய், உயிரும் உணர்வுமாய் இருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை, தான் இருளர்தான் என்று ஒரு தாள் பெறுவதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறது. அப்பனுக்குச் சான்று உண்டா என்கிறார்கள். இல்லை. பாட்டனுக்கு? அவனுக்கு ஏது? பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்றால் நீ இருளனா என்று ஐயப்படுகிறார்கள்! பள்ளிக்குப் போன பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரியவில்லை என்பதே அதன் குற்றமாகிறது. அதாவது, இருளனும் இருளனாக நடித்துக் காட்ட வேண்டும். ஒப்பனை சரியில்லை என்றால் வேடம் கிடையாது! கற்பனைப் பெண்ணுக்கு அட்டை. கண்ணெதிரே நிற்கும் பெண்ணுக்கு ‘நாளை வா’. இது நாடகம் இல்லையென்றால் எதை நாடகம் என்பது?

சரி, மூலக் கதைக்கு வருவோம். மூலக் கதை நமக்கு அண்டை வீட்டுக் கதை. நெய்வேலிக்கு அண்மையிலிருக்கும் முதனை என்னும் ஊர். 1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். இராசாக்கண்ணு என்ற உழைப்பாளியை, நகைத் திருட்டு என்ற பெயரால், கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்தே கொன்றார்கள். கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். எழுத்தறியாத அவர் துணைவியார், பொதுவுடைமைத் தோழர்களின் துணையோடு சென்னை உயர்நீதிமன்றத்தின் படி ஏறினார். வழக்காடியவர் கே. சந்துரு, பின்னாளில் அதே மன்றத்தில் நீதியரசராக அமர்ந்தவர். 2006ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் காவலர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 13 ஆண்டுகள்! நம் பெண்ணின் ஏழு நாளை அந்தப் பதின்மூன்று ஆண்டோடு வைத்துப் பாருங்கள். அந்த அம்மையார் எட்டாம் நாள் சேலையை மாற்றிக்கொண்டு மேடையேறிப் பட்டறிவு சொல்லவில்லை. அவருக்கு எட்டாம் நாளே கிடையாது.

அந்தக் கதையை ‘ஜெய் பீம்’ என்ற பெயரில் இயக்குநர் த. செ. ஞானவேல் திரைப்படமாக்கினார். 2021 நவம்பர் 2ஆம் நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக, இணையம் வழியே வீடுகளுக்கு வந்தது. செங்கேணி என்ற தலைவியாக வந்தவர் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ். படப்பிடிப்புக்கு முன் இருளர் குடியிருப்புகளுக்குப் போய், அவர்களோடு பழகி, அவர்களோடு எலி வேட்டைக்குச் சென்று, செருப்பில்லாமல் நடந்து பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். குறைந்தது அவர் இருளரோடு பழகினார். நம் மன்றம் அதையும் சுருக்கிவிட்டது. அவருடைய உழைப்பு பொய்யில்லை, நடிப்பும் பொய்யில்லை. அந்தப் படம் செய்த நன்மையையும் நான் மறைக்க மாட்டேன். அதிகாரிகள் அசைந்தார்கள், ஏடுகள் இருளர் என்ற சொல்லை எழுதக் கற்றுக்கொண்டன, படத்தைத் தயாரித்த சூர்யா இருளர் நலனுக்கென ஒரு கோடி ரூபாய் கொடுத்தார், இராசாக்கண்ணுவின் துணைவியார் பெயரில் பத்து இலட்சம் ரூபாய் வைப்பு நிதி அறிவித்தார். நன்று. நன்றியோடு குறித்துவைப்போம்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடலாமா? கணவன் கொல்லப்பட்டு 28 ஆண்டுகள், அந்த அம்மையார் எங்கே இருந்தார்? எளிய குடிசையில் இருந்தார். நெய்வேலியின் விளக்கொளி வானத்தில் தெரியும் தொலைவில் இருந்தார். இந்நகரியத்திலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? திரையில் செங்கேணி அழுதபோது நாமும் அழுதோம். அடுத்த நாளே ஊர்தி ஏறி, ‘உண்மைச் செங்கேணி’ எங்கே என்று படம் பிடிக்கக் கிளம்பினோம். வேடம் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தாள்! நிழலைக் கண்டு நெக்குருகி, நிழலுக்குரிய உடலைத் தேடிப்போன விந்தை வேறெங்கே நடக்கும்?

இன்னொன்று. இராசாக்கண்ணு இருளர் அல்லர், குறவர். குறவர் குடி, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட குடிகளில் ஒன்று. 1871இல் வெள்ளையன் செய்த சட்டம். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1947இல் இங்கே நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியது, காவல் நிலையத்தின் நினைவிலிருந்து நீங்கவில்லை. அதனால்தான் நகை காணாமற்போனால் முதலில் அந்தக் குடிசைக்குப் போகிறார்கள். இந்த வரலாறே அக்கொலையின் உயிர்நாடி. படம் அவரை இருளராக்கியது. கதைக்கு அந்த உரிமை உண்டு என்பார்கள். இருக்கட்டும். ஆனால், ‘அவளாகவே வாழ்ந்தார்’ என்று வியக்கும்போது, எவளாக என்று ஒருமுறை கேட்கலாம் அல்லவா? குறவர் வீட்டுக் கைம்பெண்ணின் துயரை இருளர் குடியிருப்பில் பயின்று, கேரளத்து நடிகை நடித்தார். 2022இல் ஃபிலிம்பேர் விருதும் வந்தது. விருது நடிகைக்குத் தகும். முதனைக்கு என்ன வந்தது என்பதே என் கேள்வி.

இது புதிய கதையுமன்று. தமிழ் நாடக மேடையின் பழைய கதையே ஆடை மாற்றி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெண் வேடத்தை ஆண்தான் போட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாலர் குழுக்களில், மீசை முளைக்காத சிறுவர்கள் வள்ளியாகவும் சந்திரமதியாகவும் வந்தார்கள். ‘ஸ்திரீ பார்ட்’ என்பார்கள். வடக்கே மராத்திய மேடையில் பால கந்தர்வர், பெண்ணாக வந்து உடுத்திய புடவைக் கட்டைப் பார்த்துக் குடும்பப் பெண்கள் தாங்களும் அவ்வாறே உடுத்தினார்கள். நம் டி. கே. சண்முகம், ஔவையார் வேடத்தை ஏற்று, அந்தக் கிழவியின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றார். மாபெரும் கலைஞர்கள். ஐயமேயில்லை. ஆனால் பெண் ஏன் வரவில்லை? பெண்ணுக்கு நடிக்கத் தெரியாதென்றார்கள். மேடையேறினால் கற்புக் கெடுமென்றார்கள். குடும்பப் பெண் வரமாட்டாள், வருகிறவள் குடும்பப் பெண்ணாக இருக்க மாட்டாள் என்று இருபுறமும் அடைத்தார்கள். பிறகு சொன்னார்களே ஒரு வாதம், அதுதான் உச்சி! “பெண்ணைவிட ஆண்தான் பெண்மையை அழகாகக் காட்டுகிறான்!” பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே பெண்மைக்குப் பாராட்டு விழா!

பிறகு என்னாயிற்று? பாலாமணி அம்மாள் குழு நடத்திக் காட்டினார். கே. பி. சுந்தராம்பாள், பெண் வேடம் மட்டுமா, ஆண் வேடத்தையும் போட்டார். 1935இல் திரையில் நந்தனாராகவே வந்தார். மேடை இடிந்துவிழவில்லை, கற்பு கரைந்துபோகவில்லை, பெண்ணைவிடப் பெண்ணாக நடிக்க ஆண்தான் வேண்டும் என்ற வாதம் மட்டும் காணாமற்போனது. இன்று அந்த வாதத்தைத் தூசு தட்டி எடுத்து, இருளரைவிட இருளராக நடிக்க அதிகாரி மகள்தான் வேண்டும் என்று சொல்கிறார்கள். ஒருவர் நேராகவே என்னிடம் சொன்னார்: “ஐயா, அவர்களுக்கு உச்சரிப்பு வராது; ஒத்திகைக்கு நேரத்துக்கு வரமாட்டார்கள்; சீட்டு வாங்கி யார் பார்க்க வருவார்கள்?” அப்படியே, எழுத்து மாறாமல், நூறாண்டுக்கு முன் பெண்ணைப் பற்றிச் சொன்ன சொற்கள்!

இதற்குத் தென்னார்க்காட்டு மண்ணில் ஒரு மாற்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பாஞ்சாலியம்மன் விழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். பாஞ்சாலியாக வருபவர் ஆண். துகிலுரியும் கட்டத்தில் அந்த ஆணுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள், பெண்கள் கைகூப்புகிறார்கள். எனக்குக் கற்பூரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் விடிந்தபின் அந்தக் கூத்தாடி, ஒப்பனையைத் துடைத்துவிட்டு, ஊராரோடு ஊராராய்ச் சேற்றில் இறங்கி நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறேன். இரவு அரசி, பகலில் கூலி. வேடம் அவரை மேலே தூக்கியது. வாழ்க்கை பழைய இடத்திலேயே வைத்திருக்கிறது. நம் மன்றத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. பகலில் ஏழை, இரவில் குளிர்பதன அறை! கீழே இறங்கிய காட்சிக்குப் பாராட்டு. மேலே ஏற வழியின்றி நிற்கிறவருக்குக் காகிதக் குவளை.

“அப்படியானால் கொலைகாரன் வேடத்தைக் கொலைகாரன்தான் போட வேண்டுமா? அரசன் வேடத்துக்கு அரசனைத் தேடுவதா?” என்று கேட்கிறார் எங்கள் இயக்குநர். கெட்டிக்காரத்தனமான கேள்வி. எம். ஆர். இராதா ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தில் தொழுநோயாளியாக வந்தார். 1954இல் படத்திலும் வந்தார். அவர் தொழுநோயாளியல்லர். அதற்காக எவனும் குறை சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். அந்த வேடத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார்? முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரிய மனிதர்களை விளாசும் சவுக்காக! பார்த்தவன் இராதாவுக்காக இரங்கிவிட்டு இனிப்புத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போக முடியவில்லை. தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனான். எங்கள் மன்றத்தில் அத்தை கதவைச் சாத்தியதைச் சொன்னபோது அந்த அத்தையும் அவையில் இருந்தார். அவரும் சிரித்தார், கைதட்டினார், “எவ்வளவு தத்ரூபம்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் பூரித்தார். சவுக்கைக் கொண்டுபோய் மாலையாக்கிப் போட்டுவிட்டோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். வேடம் யாரும் போடலாம். போட்டபின் ‘நான் அவளாக வாழ்ந்தேன்’ என்று சொல்லாதீர்கள். வாழ்ந்தது யாரென்று முதனைக்குத் தெரியும்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பணியிலிருந்த காலத்தில் என் வீட்டுத் தோட்டத்தில் நல்ல பாம்பு ஒன்று புகுந்தது. மரமும் செடியுமாக அடர்ந்த நகரியம். இது அடிக்கடி நடப்பதுதான். இருளர் ஒருவரை அழைத்துவந்தார்கள். வெறுங்கையால் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார். என் குழந்தைகளின் உயிரைக் காத்த கை! ஐம்பது ரூபாய் கொடுத்தேன். தேநீரும் கொடுத்தேன். எங்கே உட்கார வைத்துக் கொடுத்தேன்? வேப்பமரத்தடியில். திண்ணை காலியாகத்தான் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யோசித்து அப்படிச் செய்ததாகவும் நினைவில்லை. யோசிக்காமலே செய்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அதே குலத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தார் மலைப்பாம்பு பிடிக்க விமானத்தில் அழைத்துக்கொண்டார்கள். 2023இல் இந்திய அரசு பத்மசிறீ விருது கொடுத்தது. 1978இல் தொடங்கிய வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாடெங்கும் பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. ஃபுளோரிடாவுக்குத் தெரிந்தது என் வீட்டுத் திண்ணைக்குத் தெரியவில்லை!

நெய்வேலிக்காரனுக்கு இதில் தனிக் கடமை உண்டு என்று எண்ணுகிறேன். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஊர்கள் பெயர்ந்தன, வயல்கள் பள்ளமாயின. பட்டா உள்ளவனுக்கு இழப்பீடு கேட்கவாவது ஒரு தாள் இருந்தது. அதற்கே இன்றுவரை போராட்டம். அந்த வயலின் வரப்பில் எலி பிடித்து, அந்த ஏரியில் மீன் பிடித்து, அந்தக் காட்டில் கிழங்கு அகழ்ந்தவன் எந்தத் தாளைக் காட்டி எதைக் கேட்பான்? அண்டையிலுள்ள வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று பெருமை பேசுகிறோம். பேசலாம். மந்தாரக்குப்பத்துக் கடையில் ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக் கொடுக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

இதையெல்லாம் மன்றத்தில் சொன்னேன். “குறை சொல்வது எளிது, வழி சொல்லுங்கள்” என்றார் இயக்குநர். நியாயம். வழி சொன்னேன்: அந்த வேடத்தை அந்தக் குலத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுங்கள். ஒத்திகைக்கு வந்துபோகும் செலவையும், இழக்கும் கூலியையும் மன்றம் ஏற்கட்டும். நம் பெண் அவளுக்கு மேடைப் பயிற்சி கொடுக்கட்டும். வசனத்தை அவள் தன் சொல்லில் திருத்தட்டும். அதிகாரி மகள்தான் முதலில் எழுந்து, “நான் விட்டுக்கொடுக்கிறேன், ஐயா” என்றாள். நல்ல மனம் என்று முன்பே சொன்னேன் அல்லவா! அவையில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில், “நீங்களே போய்க் கேட்டு வாருங்கள்” என்று என்னையே அனுப்பினார்கள். வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். இம்முறை அவள் செருப்பு அணிந்து, தன் சொந்த உடையில் வந்தாள். ஏரிக்கரைக் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி இருந்தாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று இன்னும் வரவில்லை. அதுவரை சூளை வேலை. கதையைச் சொன்னோம். கணவனை இழந்தவள், காவல் நிலையத்தில் அடிபடுகிறவள், எலி பிடிக்கிறவள் என்று வேடத்தை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்த நாடகத்தில் வேறு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தாள். வழக்கறிஞர் வருகிறார், மருத்துவர் வருகிறார், மாவட்ட ஆட்சியராக ஓர் அம்மையார் வருகிறார் என்றேன்.

“அந்த அழுகிற வேடம் எதற்கு, ஐயா? அதைத்தான் தினமும் பார்க்கிறேனே. நான் வந்தால் ஆட்சியர் வேடம் தருவீர்களா?” என்றாள்.

எனக்கு விடை வரவில்லை. அவளுக்குரிய வேடத்தை அவளுக்கே வாங்கிக் கொடுக்கப் போன சீர்திருத்தக்காரன் நான்! அவளுக்குரியது அதுதான் என்று முடிவு செய்தது யார்? பக்கத்தில் நின்ற எங்கள் பெண் என்னைப் பார்த்தாள்; சிரிக்கவில்லை.

ஞாயிறு மாலை மன்றம் கூடுகிறது. அவள் கேள்வியை நிகழ்ச்சிக் குறிப்பில் முதலாவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்சியர் வேடத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பவர் அந்தப் பக்கத்து வீட்டு அத்தை.